ஆசிரியர் இல்லாத பாடம்

“ஐ.பி. படிக்கவெண்டு அனுப்பின பிள்ளை தமிழ் எடுத்திருக்கு. உமக்குத் தெரியுமோ?”

சவுந்தரநாயகம் சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்தார். மனைவி சுபோதினி மகனைப் பார்த்தாள். மகன் தேனுஜன் மீன் முள்ளைப் பார்த்தான்.

புறக்கோட்டையில் ஹாட்வெயார் கடை நடத்தி, வெள்ளவத்தையில் வீடெடுத்து, ஒரே மகனை இன்டர்நெஷனல் ஸ்கூலில் சேர்த்தவர் அவர். பள்ளிக்கூடத்துக் கடைசிப் பரீட்சையான ஏ.எல்.லுக்குப் பதிலாக ஐ.பி. டிப்ளோமா. இரண்டு வருஷம், ஆறு பாடம், போதாததற்கு நாலாயிரம் சொல்லில் ஓர் ஆய்வுக் கட்டுரை. பாஸ் பண்ணினால் எந்த நாட்டு யூனிவர்சிட்டிக்கும் போகலாம் என்றார்கள்.

“பிரெஞ்சு எடு, கனடாவில உதவும் எண்டு உன்ர மாமா படிச்சுப் படிச்சுச் சொன்னவர். தமிழை வச்சு அங்க என்ன செய்யப் போறாய்?”

“விருப்பமா இருக்கு அப்பா.”

“சுகமான பாடம் எண்டு எடுத்தனியோ?”

“இல்லை. எங்கட ஸ்கூலில தமிழுக்கு டீச்சரே இல்லை. அந்தப் பாடத்துக்கு உள்ள ஒன்பது புத்தகத்தையும் நானேதான் படிக்க வேணும்.”

“அப்ப ஆரோ பெட்டை எடுத்திருக்கு.”

“வகுப்பில நான் மட்டும்தான் எடுத்தனான்.”

சுபோதினி சிரிப்பை அடக்கிக்கொண்டு குழம்புச் சட்டியோடு எழுந்து போனாள்.

அடுத்த நாள் காலை, கடையை வேலையாட்களிடம் விட்டுவிட்டுச் சவுந்தரநாயகம் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார். பெற்றோர் கூட்டங்களுக்கெல்லாம் சுபோதினிதான் போவாள். ஆங்கிலத்தில் நாலு வசனம் கதைப்பதற்குள் அவருக்கு வியர்த்துவிடும். இன்றைக்குக் கோபம் அவரை ஆட்டோவில் ஏற்றிவிட்டது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஆங்கிலத்தில் பாடமாக்கிக்கொண்டு போனார்.

ஐ.பி. வகுப்புகளுக்குப் பொறுப்பான யூஜினா மிஸ் கதிரையைக் காட்டினார்.

“குட் மோர்னிங் மிஸ். மை சன்...”

“தமிழிலயே கதையுங்கோ. நான் கொட்டாஞ்சேனை ஆள்தான்.”

பாடமாக்கியதெல்லாம் மறந்துபோயிற்று. கோபம் மட்டும் மறக்கவில்லை.

“டீச்சர் இல்லாத பாடத்தை எப்பிடி மிஸ் பிள்ளைக்குக் குடுத்தனீங்கள்?”

“நான் குடுக்கேல்லை. வேண்டாமெண்டு மூண்டு தரம் சொன்னனான். தனியப் படிக்கிறது சரியான கஷ்டம். இந்த ஸ்கூலில இதுவரைக்கும் ஒருத்தரும் எடுத்ததில்லை.”

“அப்ப பிரெஞ்சுக்கு மாத்துங்கோ.”

“மாத்தலாம். வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் இருக்கு. நீங்கள் ஒரு கையெழுத்து வச்சாக் காணும்.”

வந்த காரியம் இவ்வளவு சுலபமாக முடியும் என்று அவர் நினைக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்துத் திறந்தார்.

“வேண்டாமெண்டு சொன்ன நான் பிறகு ஏன் சம்மதிச்சனான் எண்டு கேக்க மாட்டீங்களோ?”

“ஏன்?”

மிஸ் ஒரு படிவத்தை எடுத்து அவர் முன்னால் வைத்தார். மகன் தன் கையால் நிரப்பியது. மற்றதெல்லாம் ஆங்கிலம். ‘இந்தப் பாடத்தைத் தெரிவு செய்ததற்கான காரணம்’ என்ற கட்டத்துக்குள் மட்டும் தமிழில் நாலைந்து வரி. அவன் தமிழில் எழுதி அவர் பார்த்து எத்தனையோ வருஷம்.

மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார்.

‘மற்றப் பாடங்களைப் பற்றி நான் என்ன சொன்னாலும் அப்பா ஓம், ஓம் என்று தலையாட்டுவார். விளங்கவில்லை என்று சொல்ல அவருக்கு வெட்கம். சின்ன வயதில் நான் எதைச் சொன்னாலும் மறுத்துக் கதைப்பார். ஒரு பாடத்திலாவது அவர், நீ சொல்வது பிழை என்று என்னோடு சன்டை பிடிக்க வேண்டும்.’

சவுந்தரநாயகம் இரண்டாம் தரமும் வாசித்தார். பேனையை மூடிப் பைக்குள் வைத்தார்.

“சண்டைக்கு மூண்டு சுழி எல்லோ மிஸ் போட வேணும்? பின்னேரம் வீட்ட வரட்டும், கேக்கிறன்.”