மு. பேச்சியம்மாள்

நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினாள் டாக்டர்.

அவளுடைய ஒரே கட்டுரையை அத்தனை கட்டுரைகள் மேற்கோள் காட்டியிருந்தன. பேராசிரியர் பதவிக்கான விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தை நிரப்பும்போது கை தயங்கவில்லை.

காசநோய்க்கு ஆறு மாதம் தரும் மருந்தை, அளவைக் கூட்டி, நான்கே மாதத்தில் முடித்துவிடலாம் என்று காட்டிய கட்டுரை. நூற்று இருபது நோயாளிகள். ஒருவர்கூட இறக்கவில்லை.

அந்தக் கடைசி வரியைத்தான் எல்லோரும் எடுத்தாண்டார்கள்.

எழுத்தர் தாணுலிங்கம் மேசையருகே காத்து நின்றார். இன்று பகல் பன்னிரண்டுக்குள் விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும்.

கதவருகே ஒரு பெண் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தாள். கையில் ஓ.பி. சீட்டு. முந்தானையால் வாயை மூடி இருமினாள்.

"டாக்டரம்மா, நான் சுடலைவடிவு. பேச்சியம்மா மக. எட்டு வருசத்துக்கு முந்தி எங்கம்மா ஒங்ககிட்டதான் மருந்து வாங்குனாவ. ஒங்க பிளாஸ்க்குலேருந்து வெந்நி ஊத்திக் குடுப்பியளாம். சொல்லிக்கிட்டே இருப்பாவ."

டாக்டருக்கு நினைவில்லை. ஆனாலும் முகம் மலர்ந்தது.

"அம்மா எப்படி இருக்காங்க?"

"அவிய போயிட்டாவ. மருந்து ஆரம்பிச்ச மூணாம் மாசமே. கண்ணெல்லாம் மஞ்சளடிச்சு. வந்து சொல்ல அப்ப ஆளில்ல. சாவுறதுக்கு முந்தி சொன்னாவ. அந்த டாக்டரம்மாவப் பாத்தா சொல்லு, ஒரு நாளுகூட மாத்திரைய விடலைன்னு. வாந்தியில வந்தாக்கூட இன்னொண்ண எடுத்து முழுங்குவாவ."

அளவு கூடினால் இந்த மருந்து ஈரலைக் கெடுக்கும்; கண் மஞ்சளாகும்.

தாணுலிங்கம் தாழ்ந்த குரலில் சொன்னார். "வேற ஆளா இருக்கும் மேடம். இந்தப் பக்கம் கண்ண மூடிக்கிட்டுக் கல்ல எறிஞ்சா ஒரு பேச்சியம்மா மேலதான் விழும்."

பழைய பதிவேட்டை எடுத்துவரச் சொன்னாள்.

இரண்டு பேர் இருந்தார்கள்.

மு. பேச்சியம்மாள், வயது நாற்பத்தாறு. மு. பேச்சியம்மாள், வயது நாற்பத்தேழு. ஒருத்தியின் கணவன் முத்தையா. மற்றவளின் கணவன் முப்பிடாதி. இனிஷியல் ஒன்று. ஊரும் ஒன்று.

இரண்டு வரிகளையும் சேர்த்துப் பார்த்தால், கடைசி மாதம் ஒருத்திதான் வந்திருக்கிறாள். ஒரு நாள் எடை பார்க்க. மறுநாள் சளி கொடுக்க. முதல் வருகை ஒரு பெயருக்கு நேரே ஏறியிருந்தது. அடுத்தது மற்றப் பெயருக்கு நேரே.

இரண்டுக்கும் எதிரே, குணமடைந்தார்.

கையெழுத்து அவளுடையது.

"உங்கப்பா பேரு?"

"முப்பிடாதி."

தாணுலிங்கம் பதிவேட்டை மெல்ல மூடினார்.

"நூத்தி இருபதுல ஒண்ணு மேடம். இத யாரு தோண்டப்போறா? இருபத்தஞ்சு வருசம் ஒழைச்சிருக்கீங்க. கையெழுத்தப் போடுங்க."

அவர் கெட்டவர் அல்ல. அவளுக்கு நல்லதைத்தான் நினைத்தார்.

விண்ணப்பத்தின் அடியில் அச்சடித்திருந்தது: மேற்கண்டவை யாவும் உண்மை.

அவள் சுடலைவடிவின் சீட்டைக் கேட்டு வாங்கினாள்.

அதே மருந்து. அதே கூடுதல் அளவு. நான்கு மாதம்.

எழுதியவர் அவளிடம் படித்த டாக்டர். அந்தக் கட்டுரையை வகுப்பில் வாசித்துக் காட்டியவளும் அவள்தான்.

"சாப்பிட ஆரம்பிச்சிட்டியாம்மா?"

"இல்ல. இன்னைக்குத்தான் வாங்கணும். நானும் விடாம சாப்புடுவேன் டாக்டரம்மா. எங்கம்மா மாதிரி."

அவள் அந்த வரியை அடித்தாள். ஆறு மாத மருந்தை, பழைய அளவில் எழுதினாள். பக்கத்தில் கையெழுத்திட்டு நீட்டினாள்.

மூச்சு சற்றுச் சீரானது. இந்த ஒருத்திக்கு ஒன்றும் ஆகாது. ஆண்டவன் இவளை இங்கே அனுப்பியதே இதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டாள்.

சுடலைவடிவு போகவில்லை. அடித்த வரியின் மேல் விரலை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"வரிசையில எனக்கு முன்னால ஒரு அக்கா நின்னாவ. அவியளுக்கும் இதத்தான் எழுதியிருக்காவ. எனக்குப் பின்னால நின்ன பிள்ளைக்கும் இதேதான்."

தயங்கினாள்.

"அவியளுக்கும் மாத்திக் குடுப்பியளா? மருந்து வாங்கத்தான் நிக்காவ. நான் போயி கூட்டியாரட்டா?"

சன்னல் வழியே மருந்து வரிசை தெரிந்தது. வேப்பமர நிழல் தீர்ந்து, வெயிலில் வளைந்து, கட்டடத்தைச் சுற்றிப் போயிருந்தது.

கடைசி ஆள் கண்ணில் படவில்லை.

தாணுலிங்கம் பேனாவை நீட்டினார்.

அவள் அதை வாங்காமல், பதிவேட்டை எடுத்துக்கொண்டு எழுந்து மருந்து வரிசையை நோக்கி நடந்தாள்.