பத்தொன்பது திரைகள்

அறையிலுள்ள பத்தொன்பது கணினித் திரைகளும் ஒரே நேரத்தில் அணைகின்றன. பருத்தித்துறையிலிருந்து மீன் ஏற்றுமதி செய்யும் இந்த நிறுவனத்தில் எந்தக் கணினிக்கும் இணையம் கிடையாது. பாதுகாப்புத் திருத்தங்களை வெளியிலிருந்து டிஸ்க்கில் கொண்டுவந்து, புது சேர்வரில் ஏற்றி, அங்கிருந்து மற்றவற்றுக்கு அனுப்பத்தான் கணினிகளுக்குப் பொறுப்பான நிருஷன் காலையிலிருந்து மினைக்கெடுகிறான். முதலில் ஒரு கணினிக்கு மட்டும் அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும். அவசரத்தில் எல்லாவற்றுக்கும் அனுப்பிவிட்டான். திருத்தம் ஏறியதும் எல்லாம் தாமாகவே அணைந்து மறுபடி தொடங்குகின்றன. விசைப்பலகைச் சத்தம் நின்று, ஏசியின் இரைச்சல் மட்டும் கேட்கிறது. ஜன்னலோரத்தில் தனுசியாவின் விரல்கள் அப்படியே நிற்கின்றன. நாளை ஏற்றவிருக்கும் நூற்றறுபது பெட்டிகளின் விபரத்தை முழுதாக அடித்து முடித்தால்தான் அந்தப் பழைய புரோகிராம் சேமிக்கும். பத்துப் பெட்டிகள்தான் மிச்சமிருந்தன. “எல்லாம் போச்சோ தம்பி?” “ஓம் அக்கா. என்ரை பிழைதான்.” அவள் மணிக்கூட்டைப் பார்க்கிறாள். ஒன்றேகால். இரண்டு மணிக்கு மகளின் பள்ளிக்கூட நாடகம். அதற்காகவே அரைநாள் லீவு எடுத்திருந்தாள். “நீங்கள் போங்கோ அக்கா, நான் அடிக்கிறன்.” “என்ரை பேரிலை நீர் அடிக்கேலாது. ஒராளின்ரை பேரிலை இன்னொராள் அடிக்கக்கூடாதெண்டு சட்டம் போட்டதே நீர்தானே, மறந்துபோச்சோ?” சிரிக்கப் பார்த்து, முதல் தாளை மறுபடி எடுத்து வைக்கிறாள். “கேற்றிலை என்ரை போன் கிடக்கு. என்ரை மனுசன் கோல் எடுத்தால், நான் வரேலாதெண்டு சொல்லிவிடும்.” உள்ளே கொண்டுவர அனுமதியில்லாததால் எல்லோருடைய போன்களும் காவலாளியின் மேசையில் வெயிலில் கிடக்கின்றன. நிருஷன் போகும்போதே தனுசியாவின் போன் அடிக்கிறது. எடுக்கிறான். “அம்மா, எங்கை நிக்கிறியள்? முன்வரிசையிலை உங்களுக்குக் கதிரை பிடிச்சு வச்சிருக்கிறன்.”