ஊக்கு குத்திய செருப்பு

ஞாயிறு ஆராதனை தொடங்கிக் கால் மணி நேரம் ஆனபிறகு, சர்ச் வாசலில் கழற்றிக் கிடந்த செருப்புகளின் ஓரமாக ஒரு ரப்பர் செருப்பு வந்து ஒதுங்கியது. அறுந்த வாரில் ஊக்கு குத்தியிருந்தது. அதைப் பார்த்ததுமே சபை மூப்பர் ஏசுவடியானின் தோல் செருப்புக்குப் பகீரென்றது. ஊக்கு குத்திய செருப்பில் வருகிறவன் தோல் செருப்பில் திரும்பிப் போவான் என்பது வாசலில் கிடப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த கதைதானே!

“அண்ணாச்சி, உள்ளே இருக்கிற சாமி எங்களை மாதிரி ஆளுகளையும் சேத்துக்குவாரா? எங்க ஆளு படியேறத் தயங்கி நிக்காரு” என்றது ரப்பர் செருப்பு.

இருபது வருஷமாக அங்கே கிடந்து பிரசங்கம் கேட்ட தோல் செருப்பு, இதற்குப் பதிலைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லும். ஆனால் கேட்கிறவன் யார் என்று தெரிய வேண்டாமா?

“நீ எந்தத் தெரு? யாரு அனுப்புனா?”

“யாரும் அனுப்பல, அண்ணாச்சி. பாட்டுச் சத்தம் கேட்டு வந்தோம்.”

“பாட்டுக் கேக்க வந்தவன் எங்க வாரையும் அடியையும் எதுக்குடே பாக்குத?”

ரப்பர் செருப்பு வாயைத் திறப்பதற்குள் இரண்டு கால்கள் படியிலிருந்து திரும்பி வந்தன. அதை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கிப் போய்விட்டன.

தோல் செருப்பு அவசரமாக வரிசையை நோட்டம் விட்டது. நல்லவேளை, ஒரு ஜோடியும் களவு போகவில்லை.

உள்ளே ஒலிபெருக்கியில் போதகரின் குரல் கேட்டது: “இன்னிக்கு முதல்முறையா வந்திருக்கிறவங்க யாராவது இருந்தா, கொஞ்சம் எழுந்து நில்லுங்க.”

ஒரு நாற்காலி நகர்கிற சத்தம்கூடக் கேட்கவில்லை.