நாரை அடித்த பத்திரிகை

நாரை ஒன்று தன் கூட்டிலேயே கல்யாணப் பத்திரிகை அடித்துக் கொடுக்கும் தொழிலைத் தொடங்கியது. கம்ப்யூட்டரில் பாட்டுக்கும் விளையாட்டுக்கும் விதவிதமாக மென்பொருள் வாங்கிப் போட்டது. பத்திரிகை வடிவமைக்கும் மென்பொருளுக்கு மட்டும் திருட்டு நகலே போதும் என்று விட்டுவிட்டது.

முதலில் வந்தது மணிப்புறா. அதன் மகளுக்குக் கல்யாணம். நாரை அடித்ததைச் சரிபார்க்காமலே கட்டிக் கொடுத்தனுப்பியது. பிறகு மிஞ்சிய ஒன்றை எடுத்துப் பார்த்தால், மணமக்கள் பெயருக்குக் குறுக்கே 'இது திருட்டு நகல்' என்று விழுந்திருந்தது!

நாரை பதறிக்கொண்டு புறாவின் கூட்டுக்குப் பறந்து போனது. அங்கே புறா ஒவ்வொரு பத்திரிகையிலும் அந்த வரியின்மேல் மஞ்சளைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்தது.

"அக்கா, நான் வந்து..."

"விடும்மா, யாருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு நீ அவசியம் வரணும்" என்று புறா ஒரு பத்திரிகையை நீட்டியது.

குனிந்த தலை நிமிராமல் நாரை அதை வாங்கிக்கொண்டது.