காய்ந்த மிளகாயின் சத்தம்

களம் முழுக்கக் குண்டு மிளகாய் சிவந்து கிடந்தது. காய்ந்துவிட்டதா என்று பார்க்கக் கண் போதாது. ஒன்றை எடுத்துக் காதருகே குலுக்கினால் உள்ளே விதை கிலுங்க வேண்டும். நிறைமாதக்காரி பாண்டிச்செல்வி குலுக்கினாள். கிலுங்கியது. அதைக் கீழே போடாமல் வயிற்றருகே கொண்டுபோய் மறுபடியும் குலுக்கினாள்.

"என்னடி பண்ற?" என்றாள், பக்கத்தில் மிளகாய் கிளறிக்கொண்டிருந்த ராக்கு.

"காலையிலருந்து புள்ள அசையலக்கா. இந்தச் சத்தத்துக்கு எப்பவும் ஒதைக்கும்."

ராக்கு ஆம்புலன்சுக்குப் போன் போட்டாள். கிளம்பிவிட்டது என்றார்கள். செல்வியை வேப்பமரத்தடியில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தார்கள். அதற்குமேல் என்ன செய்வதென்று தெரியாமல், களத்துப் பெண்கள் ஆளுக்கு இரண்டு கை மிளகாய் அள்ளிவந்து அவளைச் சுற்றி உட்கார்ந்து குலுக்கினார்கள். களமே ஒரு பெரிய கிலுகிலுப்பையாகி, தாங்கள் அதற்குள் விதைகளாக உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. எல்லோருக்கும் கண்கள் வழிந்தன. மிளகாய்க் கையால் துடைக்க முடியாது.

செல்வி கையை உயர்த்தினாள். சத்தம் சட்டென்று நின்றது. அவள் தன் மிளகாயை வயிற்று மேட்டின் உச்சியில் வைத்துவிட்டு, இரண்டு கைகளையும் எடுத்துக்கொண்டாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்தார்கள். எங்கோ ரோட்டில் சைரன் கேட்டது. காற்றே இல்லை. வேப்பிலை ஒன்றுகூட ஆடவில்லை.

மிளகாய் கிலுங்கியது.