இன்னொரு அரைச் சுற்று

வீட்டிலேயே பிளேன் கட்டுவது இப்போது எல்லோரும் செய்வதுதான். பாகங்களோடு பெட்டியில் வருகிற போல்ட்டை முடுக்கினால், இறுகியதும் அதுவே "போதும்" என்று சொல்லும். பேசுகிற போல்ட்டை நான் நம்பவில்லை. முப்பது வருஷம் லாரி போல்ட் முடுக்கிய கை இது. மகன் இளவேந்தன் சாப்பிடப் போன நேரத்தில், இறக்கை போல்ட்டுக்கெல்லாம் இன்னொரு அரைச் சுற்று கொடுத்தேன்.

அதிகம் இறுக்கியதில் ஒரு போல்ட், அவன் பறக்கும்போது முறிந்தது. பிளேன் விழுந்து அவனுக்கு ஒரு கால் போயிற்று.

"நான்தாம்ப்பா சரியா முடுக்கலை," என்றான் ஆஸ்பத்திரியில். நான் வாயைத் திறக்கவில்லை.

நேற்று புதுப் பெட்டி வந்தது. ஊன்றுகோலோடு வந்து ஸ்பானரை என்னிடம் நீட்டினான்.

"இந்தத் தடவை நீங்க முடுக்குங்கப்பா. என் கையை நான் நம்பலை."

முதல் போல்ட் "போதும்" என்றதும் நிறுத்தினேன்.

"இன்னும் கொஞ்சம் முடுக்கலாமேப்பா?"

"வேண்டாம்" என்றேன். அடுத்த போல்ட்டை எடுத்தேன்.