சேர்க்கைப் பிரிவிலிருந்து ஓர் அழைப்பு

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன், நீயும் கேளும்மா," என்றார் அப்பா. அந்தப் பெரிய கல்லூரியின் சேர்க்கைப் பிரிவிலிருந்து ஒரு பெண் பேசிக்கொண்டிருந்தாள். கட்டணம், விடுதி, லேப் என்று எதைக் கேட்டாலும் தடுமாறாமல் பதில் சொன்னாள்.

"என்ன தெளிவு பாத்தியா! இதுக்குத்தான் பேர்பெத்த காலேஜ் வேணுங்கறது," என்றார் அப்பா, போன் அருகிலேயே இருப்பதை மறந்து. "வீட்டுப் பத்திரத்தை அடகு வெச்சாவது உன்னை அங்க சேர்த்துடறேன்."

"பக்கத்து காலேஜ்ல இதுல பாதிகூட ஆகாதுப்பா. முடிச்சா வேலை கிடைக்குமான்னு கேளுங்க."

"நீயே கேளு, பெரிய மனுஷி!"

மகள் போனருகே குனிந்தாள். "அக்கா, நீங்க எங்க படிச்சீங்க?"

"இங்கதாம்மா. கம்ப்யூட்டர் சயின்ஸ். வகுப்புல முதல் ஆள்."

"அப்படிப் போடு!" என்று அப்பா தொடையைத் தட்டினார்.

"இப்ப என்ன வேலை பாக்கறீங்க, அக்கா?"

மறுமுனையில் அந்தக் குரல் தணிந்து வந்தது.

"இதுதாம்மா. மூணு வருஷமா இப்படிப் போன் பண்றேன். வேற எங்கயும் கிடைக்கல. நாம பேசறது ரெக்கார்டு ஆகுது. இந்த வேலை போனாலும் போகட்டும். பத்திரத்தை அடகு வைக்க வேணாம்னு அப்பாகிட்ட சொல்லு. எங்கப்பா வெச்சாரு."